இரண்டாவது கியர்

…அப்படியானால் இது எவ்வளவு காலமாகத் தேய்ந்துகொண்டிருந்திருக்கும், ஒரே நாளில் தேய்கிற சாமானா இது, பித்தளை வளையம், உள்பக்கம் நூல் நூலாகக் கோடு ஓடியிருக்க வேண்டிய இடமெல்லாம் வழவழத்துப் போயிருக்கிறது, இரண்டாவது கியரின் கூம்பில் வைத்து அழுத்தினால் அடிவரை போய் ஒட்டிக்கொள்கிறது, நடுவில் ஒரு நகம் நுழைய இடமில்லை, புதுசை வைத்தால் நகம் நுழைகிறது, அந்த நகமளவு இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது, வெவ்வேறு வேகத்தில் சுற்றுகிற இரண்டு சக்கரங்களை உரசி, தாஜா பண்ணி, ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகு பல்லோடு பல்லைக் கோக்க விடுவது இந்த வளையத்தின் வேலை, அது செத்துப்போனால் கர்ர்ரென்று பல்லைக் கடிக்கும், கடித்துக் கடித்துப் பல்முனை மழுங்கும், மழுங்கிய பல்லுக்குப் பிடி ஏது, இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்து நிற்கும்… இதையெல்லாம் அடுத்தவர் வண்டிகளுக்கு அவன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். இது அவன் மனைவியின் வண்டி, பழைய கார். “ரெண்டாவது போடறப்ப ஒரு சத்தம் வருதுங்க” என்று அவள் முதலில் சொன்னது எப்போது, மகள் கல்யாணத்துக்கு முன்பா, பின்பா, பார்க்கலாம் என்றான், அவன் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டான் என்பது இந்த வீட்டில் நாற்காலி மேஜைக்குக்கூடத் தெரியும்.

இப்போது பார்க்கிறான். வீட்டை ஒட்டிய ஷெட்டில், மேஜைமேல் கியர் பெட்டி வாய் பிளந்து கிடக்க, நேற்று இறக்கிய பழைய ஆயில் கீழே தகர டப்பாவில் கிடக்க, பார்க்கிறான். அந்த ஆயிலை வடிக்கும்போது அது கருப்பாகக்கூட இல்லை, தங்கப் பொடி தூவியது போல மினுமினுத்தது, பித்தளை, எல்லாம் அந்த வளையத்தின் பித்தளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கலந்திருக்கிறது, ஒரு தடவை ஆயில் மாற்றியிருந்தால் தெரிந்திருக்கும், ஊரில் யாருக்குப் பெட்டி சத்தம் போட்டாலும் அவனிடம்தான் வருவார்கள், பெட்டிக்காரர் என்றே பெயராகிவிட்டது, பெட்டிக்காரர் வீட்டுப் பெட்டியில் எத்தனையோ வருஷமாக அதே ஆயில். நாளைக் காலையில் அவள் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு மலைமேல் இருக்கிற ஊருக்குப் போகிறாள். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல். இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், அங்கேயும் எக்ஸ்ரேதான், அங்கே ஆள் இல்லையாம், அனுப்புகிறார்களாம், என்ன பண்றது, போய்த்தானே ஆகணும் என்றாள், சரி என்றான். சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள், முதுகைக் காட்டிக்கொண்டு. மாற்றல் என்று அவள் சொன்னதும் அவன் கேட்ட ஒரே கேள்வி, “வண்டிய எடுத்துட்டுப் போறியா?” என்பது. ஆமாம் என்றாள். அப்படியானால் பெட்டியை இறக்க வேண்டும் என்றான். அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமாகி ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்த இரண்டு பேர், பிரிவதைப் பற்றி அவ்வளவுதான் பேசினார்கள்.

அப்போது அவனுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும்… இல்லை, தெரியாது, கொழுந்தியா போன் பண்ணிய அன்றுதான் தெரியும். அவள் எப்போதும் போல எதற்கோ பண்ணினாள், அவன் கையெல்லாம் கிரீஸ், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தான், “நீங்க தனியா எப்படி மாமா சமாளிப்பீங்க, அக்காவும் எழுதிக் கேட்டு வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் யோசிச்சிருக்கலாம்” என்றாள். எழுதிக் கேட்டு வாங்குவதா. அவனுடைய ம், ம் நின்றுபோயிற்று. அந்தப் பக்கம் அவளுக்குப் புரிந்துவிட்டது, “உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்…” என்று இழுத்தாள், “தெரியும், தெரியும்” என்றான், ஏன் அப்படிச் சொன்னான், மானத்துக்கா, போனை வைத்துவிட்டு அந்த ஸ்பேனரை எந்த நட்டில் போட்டிருந்தான் என்பது மறந்துபோய் நின்றான், எதிரே கிடந்தது யாருடைய வண்டி என்பதுகூட ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. கேட்டு வாங்கியிருக்கிறாள். யாரும் அனுப்பவில்லை, அவளாகப் போகிறாள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம், அதில் விழுந்தவன் அன்றிலிருந்து எழுந்திருக்கவில்லை, ஆனால் அன்று சாயங்காலமும் வீட்டுக்குள் போனான், சாப்பிட்டான், தண்ணி கேட்டான். அவள் கொடுத்தாள். ஏன் போற என்று கேட்க இரண்டே இரண்டு சொல். ஷெட்டில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தான், சத்தமாக, ஏன் போற, கிளட்ச் பிளேட்டைப் பார்த்து, ஏன் போற, டயரைப் பார்த்து. வீட்டுப் படி ஏறினால் தண்ணி கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டால் சொல்லிவிடுவாள். அதுதான் பயம். சொன்ன பிறகு அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை எப்படித் தள்ளுவது.

அவள் என்ன சொல்வாள் என்று அவனாக ஊகித்துப் பார்த்ததில் எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறது, மாமனார் செத்துப்போன அன்று. அவள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள், “அப்பா போயிட்டாருங்க” என்றாள், அழவில்லை, எக்ஸ்ரே அறையில் நோயாளியிடம் பேசுகிற அதே நிதானமான குரல், இவன் வண்டிக்கு அடியில் கிடந்தான், “கிளட்ச்ச மாட்டிட்டு வந்துடறேன்” என்றான். வந்தான். சீக்கிரமே வந்தான், கையைக் கழுவிக்கூட வரவில்லை, பாடையைத் தூக்கியது முதல் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவன் அவன்தான், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வாக்கியம் செத்துப்போகவில்லை. ரொம்ப நாள் கழித்து மகளிடம் ஏதோ வேடிக்கையாகச் சொல்வது போல அவள் சொன்னாள், “நான் செத்தாலும் உங்கப்பா கிளட்ச்ச மாட்டிட்டுத்தான் வருவாரு.” மகள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறதா, அப்போதே தெரிந்ததா? பெட்டி அந்தரத்தில் ஜாக்கி மேல் நிற்கும்போது எப்படி விட்டுவிட்டு வர முடியும், நழுவினால் ஆள் காலி, அதைச் சொல்லியிருக்கலாம், சொன்னால் புரிந்துகொண்டிருப்பாள், புரியாதவளா அவள். மகள் இருந்தவரை வீட்டில் பேச்சு இருந்தது, அம்மாகிட்ட சொல்லு சாவி மாடத்துல இருக்குன்னு, அப்பாகிட்ட சொல்லு மோட்டார் ஓடலைன்னு, எல்லாம் அந்தப் பிள்ளை வழியாகத்தான், அவள் அதையும் இதையும் கொஞ்சம் இனிப்புத் தடவிக் கொண்டுபோய்க் கொடுப்பாள், அவள் கல்யாணமாகிப் போன பிறகு யாரிடம் சொல்வது, மோட்டார் ஓடாவிட்டால் ஓடாமலே கிடக்கிறது.

அவன் பழைய வளையத்தையும் புது வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் துணிமேல் வைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பழசையே மாட்டினால்? யாருக்குத் தெரியும்… ஆயிலை மாற்றி, ஸ்பிரிங்கை மட்டும் புதுசு போட்டால் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் ஓடும், அப்புறம் மறுபடி கர்ர்ர், மலைமேல் இந்த வண்டியைத் தொட ஒருத்தனுக்கும் தெரியாது, பழைய மாடல், கையை விரிப்பார்கள், அவள் போன் பண்ண வேண்டியிருக்கும், என்னங்க, ரெண்டாவது மறுபடியும் சத்தம் போடுது, சரி கொண்டா பார்க்கலாம், இந்தத் தடவை நிஜமாகவே பார்க்கலாம்… அந்தப் போன் மணியை அவன் காதில் கேட்டான், அவ்வளவு ஆசையாக இருந்தது. அப்புறம் அந்த மலைப்பாதையும் கண்முன் வந்தது. அவன் அதில் ஓட்டியிருக்கிறான், ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் ஒன்றுமே இல்லை, வளைந்து வளைந்து இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் இல்லை, இரண்டாவது கியர்தான், இன்ஜின் முனகிக்கொண்டே பின்னால் இழுக்கும், அந்த நேரத்தில் கியர் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் வண்டி மூக்கணாங்கயிறு அறுந்த மாடு, அவள் கை லிவரைத் தேடும், அவள் கண்ணாடி மூக்கில் வழுக்கும், ஈர ரோடு, எதிரே லாரி… பழைய வளையத்தை மட்டும் தட்டிவிட்டான். அது உருண்டு போய் மேஜைக்கு அடியில் விழுந்தது. சீ, மனுஷனா நான்.

சரி, வளையம் வேண்டாம், ஆயில் சீல்? பெட்டியின் பின்வாயில் உட்காருகிற ரப்பர், அதைப் பழசாக விட்டால் ஒரு ஆபத்தும் இல்லை, சொட்டுச் சொட்டாக ஒழுகும், நிறுத்துகிற இடத்தில் ஒரு கறை விழும், அதைப் பார்த்துவிட்டு அவள்… இப்படி நினைத்துக்கொண்டே இருக்கும்போது கை அவனைக் கேட்காமல் புது சீலை எடுத்து, விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி, குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வைத்துவிட்டது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். இந்தக் கைக்கு ஒரு வேலையைக் கெடுத்துச் செய்யத் தெரியாது. ஒருத்தியைப் போகாதே என்று பிடித்து நிறுத்தவும் தெரியாது. அப்புறம் கியர்களை ஒவ்வொன்றாகத் தண்டில் கோத்தான், மழுங்கிய பல்லோடு இருந்த இரண்டாவதை ஒதுக்கிவிட்டுப் புதுசு, வளையம், ஸ்பிரிங், குண்டு, குண்டைக் கிரீஸில் ஒட்டவைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும், இல்லையென்றால் தெறித்து ஓடும். லிவரை வைத்துப் போட்டுப் பார்த்தான், க்ளுக். இவ்வளவு காலம் கழித்து, க்ளுக். எவ்வளவு சுலபமாக விழுகிறது. இதைச் செய்வதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது, எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின.

அவள் டீயோடு வந்தாள். இடுப்பில் துண்டைச் செருகியிருந்தாள், பெட்டி படுக்கை கட்டிக்கொண்டிருந்தவள் முகத்தில் தூசி. “ஆயிடுச்சா?” என்றாள். “தூக்கி மாட்டணும்.” “நான் பிடிக்கவா?” வேண்டாம் என்று சொல்லப் போனவன், ஜாக்கியின் கைப்பிடியை மட்டும் மெல்ல மெல்ல அடிக்கச் சொன்னான். அவன் மல்லாக்கப் படுத்து அடியில் நகர்ந்தான். பெட்டி மார்புக்கு மேலே ஏறியது, அதன் தண்டு கிளட்ச் பிளேட்டின் ஓட்டைக்குள் போக வேண்டும், மயிரிழை பிசகினாலும் போகாது, இரண்டு முழங்காலாலும் தாங்கி, மூச்சை அடக்கி, இடது வலது ஆட்டினான், போகவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவள் குனிந்து பார்த்தாள், “மூச்ச நல்லா இழுங்க… அப்படியே பிடிங்க… அசையாதீங்க” என்றாள், எக்ஸ்ரே அறைக் குரலில், பெட்டி சரக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. “விடலாம்” என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடியில் கிடந்தபடியே குலுங்கிச் சிரித்தான், அவளும் சிரித்தாள், ஷெட்டில் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, இப்போது கேட்டிருக்கலாம், இந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏன் போற என்று ஒரு வார்த்தை, அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது, பக்கத்தில்தான் இருந்தது… “பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடு” என்றான். எடுத்துக் கொடுத்தாள். பக்கத்துத் துளை வழியாகப் புது ஆயிலை ஊற்றினான், தேன் நிறத்தில் இறங்கியது, அது நிரம்பித் துளை விளிம்பில் வழிகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்குப் பிறகு பார்க்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிடலாம் என்றான், நீயே ஓட்டு. அவள் ஓட்டினாள், அவன் பக்கத்தில். வெயில் சாய்ந்திருந்தது. தெருமுனை திரும்பியதும் முதல் கியரிலிருந்து அவள் கை நேராக மூன்றாவதுக்குப் போயிற்று. வண்டி திணறி முக்கியது. “ரெண்டுல போடு” என்றான். “ஐயோ, ஆமா” என்றாள். அடுத்த வேகத்தடை தாண்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து மூன்று. “என்ன பண்ற நீ?” “பழக்கமாயிடுச்சுங்க” என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டாவது இல்லாமயே ஓட்டிப் பழகிட்டேன், இன்ஜின் இழுக்குற வரைக்கும் ஒண்ணுலயே போயி அப்புறம் மூணு.” எப்போதிருந்து என்று அவன் கேட்கவில்லை, கேட்டால் பார்க்கலாம் என்று அவன் சொன்ன நாளிலிருந்து என்று பதில் வரும். ஒரு கியர் இல்லாமலே வேலைக்குப் போய், கடைக்குப் போய், மகளைப் பார்த்துவிட்டு வந்து… ஊர்ப்பட்ட வண்டிகளின் முனகலைத் தெருக்கோடியிலிருந்தே பிரித்துச் சொல்கிறவனுக்குத் தினமும் வாசலில் வந்து நிற்கிற வண்டி திணறுவது கேட்கவில்லையா, அல்லது கேட்டும்… மூன்றாம் முறை அவள் யோசித்து, லிவரைக் கீழே இழுத்து, இரண்டாவதில் போட்டாள். சத்தமே இல்லை. வெண்ணெய். “நல்லா இருக்கு” என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு அதே குரலில், “தங்கச்சி உங்ககிட்ட உளறிட்டான்னு அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டா” என்றாள்.

அவன் டாஷ்போர்டைப் பார்த்தான். அன்றைக்கே. அப்படியானால் அத்தனை நாளும், அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்த ஒவ்வொரு தடவையும், தண்ணி கேட்ட ஒவ்வொரு தடவையும், அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் தண்ணி கொடுத்தாள், கொடுத்துவிட்டு அங்கேயே கொஞ்சம் நின்றாளே, அவன் டம்ளருக்காக நிற்கிறாள் என்றல்லவா நினைத்தான். “நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு பார்த்தேன்” என்றாள், கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, ஏதோ பஸ் வராமல் போனதைச் சொல்வது போலச் சொன்னாள், “நீங்க பெட்டிய இறக்கினீங்க.” சிக்னலில் வண்டி நின்றது. இப்போது கேள். இப்போதும் நேரம் இருக்கிறது. அவள் அதற்காகத்தான் வீட்டுக்குத் திரும்புகிற தெருவைத் தாண்டி வந்திருக்கிறாள், அதுகூடவா தெரியாது. கிளட்ச் பிளேட்டிடமும் டயரிடமும் அத்தனை சுளுவாக வந்த வார்த்தையைத் தேடினான், உதடு பிரிந்தது, அந்த மலைப்பாதை மறுபடி கண்ணில் வந்து நின்றது, ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் ஒன்றுமில்லை. “மலையில இறங்கும்போது ரெண்டுலயே வா” என்றான். “பிரேக்க நம்பாத.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தது போல இருந்தது. “வான்னா சொன்னீங்க?” என்றாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

பச்சை விழுந்தது, பின்னால் யாரோ ஹாரன் அடித்தான், அவள் ஒன்றில் எடுத்து, தப்பாமல் இரண்டில் போட்டாள். வா என்றா சொன்னோம், அவன் யோசித்தான், ஆமாம், வா என்றுதான், போ என்று வரவில்லை, காலையிலிருந்து அவன் மனசில் அந்த வண்டி மலையிலிருந்து இறங்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, ஒரு தடவைகூட ஏறவில்லை, ஏறுகிற வண்டியை அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை, அப்படியென்றால் அது அவளைக் கூப்பிட்ட வா தானா, அல்லது ரிவர்ஸ் எடுக்கிற வண்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு தினமும் நூறு தடவை சொல்கிறானே, வா, வா, வா, போதும், அந்த வா தானா, இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தால் அவனுக்கே தெரிந்துவிடும், அவளுக்கும் தெரிந்துவிடும், ஒரே எழுத்து, அதற்கு மூச்சைக்கூட இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை… ரோடு காலியாக இருந்தது, இன்ஜின் மூன்றாவதைக் கேட்டு முனக ஆரம்பித்தது, அவள் மாற்றவில்லை, எதற்கோ காத்திருப்பது போல இரண்டிலேயே பிடித்து வைத்திருந்தாள், அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.